இயந்திரம் நின்றால் யாருக்கு மணி அடிக்க வேண்டும்? – கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் சிறு ஆலை நடத்துபவர்களும் அங்கே வேலை செய்பவர்களும் கேட்டவை இவை. பதில் சொல்பவர், ஆலைகளில் சென்சரும் கட்டுப்பாட்டுப் பலகையும் பூட்டிக்கொடுக்கும் தொழில்நுட்பவியலாளர்.

குருநகர், ஐஸ் ஆலை: உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையை மணிக்கொரு தடவை கொப்பியில் எழுதுகிறோம். இது போதாதா அண்ணை?

அந்தக் கொப்பியை ஒருக்கால் வடிவாகப் பாருங்கள். இரவு ஒரு மணியில் இருந்து ஐந்து மணி வரை ஒரே பேனை, ஒரே எழுத்து, எல்லாம் -10 என்று இருந்தால், அது விடிந்த பிறகு ஒரே மூச்சில் எழுதியது. பெடியனைக் குறை சொல்லாதீர்கள், நித்திரை எல்லாருக்கும் வரும். ஆனால் இரண்டு மணிக்கு கொம்ப்ரசர் விழுந்தால் உங்களுக்குத் தெரிவது விடியப்புறம், மீன்பிடிப் போட்டுக்காரர் வந்து நிற்கும்போதுதான்.

தொட்டியில் இரண்டு இடத்தில் வெப்பநிலைச் சென்சர் போடுங்கள்: ஒன்று குளிர்சுருளுக்குப் பக்கத்தில், மற்றது தூர மூலையில். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் உப்புநீரைக் கலக்கும் விசிறியில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 4 முதல் 20 மில்லிஅம்பியர் சிக்னல் தரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் அளவின் அடிமட்டமே 4. வயர் அறுந்தால் 0 காட்டும், ஆகவே ‘குளிர் கூடிவிட்டது’ என்று யாரும் ஏமாற முடியாது. எச்சரிக்கையை, தொட்டியின் வெப்பநிலை -8க்கு மேலே ஏறி கால் மணிநேரம் அப்படியே நின்றால் மட்டும் அடிக்க வையுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றிய ஐஸ் கான்களைத் தொட்டியில் இறக்கும்போது கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குளிரூட்டும் அமோனியா வாயுவின் கசிவு எச்சரிக்கையை, மற்ற எச்சரிக்கைகளைப் போல இன்டர்நெட் வழியில் விடவே கூடாது. கசிவுச் சென்சரில் இருந்து சைரனுக்கு நேரடி வயர், தனி பேட்டரி. வேலையிடத்தில் பொதுவாக வைக்கும் எல்லை 25 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. அதற்கு முன்னமே மூக்குக்கு மணந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மணக்க அங்கே விழித்திருக்கும் மூக்கு ஒன்று வேண்டுமே.

சுன்னாகம், எண்ணெய் ஆலை: என்னுடைய மெஷின் அப்பா காலத்துச் சாமான். இதில் எங்கே கம்ப்யூட்டரைப் பூட்டுவது?

மெஷினில் கையே வைக்க வேண்டாம். மோட்டருக்குப் போகும் வயர்களில் ஒன்றை மட்டும் சுற்றி, திறந்து மூடும் வளையமாக ஒரு கரண்ட் சென்சர் மாட்டினால் போதும். வெறுமனே சுற்றும்போது ஒரு அளவு, எள் போட்டு ஆட்டும்போது இன்னொரு அளவு, இறுகினால் அதற்கும் மேலே. ‘ஓடுகிறது, சும்மா ஓடுகிறது, நிற்கிறது’ என்ற மூன்றும் தெரிந்துவிடும். தொடக்கத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை.

கிளிநொச்சி, தையல் ஆலை லைன் சூப்பர்வைசர்: லைனின் வேலையைக் காட்டும் டிஸ்பிளே போட்ட பிறகு பிள்ளைகள் ‘எங்களை உளவு பார்க்கினம்’ என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

தங்கச்சி, அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டொயோட்டா ஆலைகளில் பேர்பெற்ற, பிரச்சினை வந்தால் எரியும் ‘அண்டோன்’ விளக்கு நேர்மாறாகத் தொடங்கியது. தொழிலாளி கயிறை இழுப்பார், மேற்பார்வையாளர் ஓடிவருவார். மெஷினில் பிழை வந்தால் அது தானே நிற்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. 1924இல் சக்கிச்சி டொயோடா முடித்த தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும்.

உங்கள் லைனில் ஊசி முறிந்தாலோ துணிக்கட்டு வராவிட்டாலோ அழுத்த ஒரு பட்டன் வையுங்கள். திரையில் ஆளின் பேர் வேண்டாம். ‘மெக்கானிக் வர எவ்வளவு நேரம் எடுத்தது’ என்பதைப் போடுங்கள். தங்களுக்காகவும் அது மணி எண்ணுகிறது என்று கண்டால் அவர்களே அழுத்துவார்கள். ஆள்வாரியான கணக்கை நிர்வாகம் சம்பளத்தில் கழிக்கப் பாவித்தால் பட்டனை ஒருவரும் தொட மாட்டார்கள், அதை மேலே இருப்பவர்களிடம் முன்கூட்டியே கதைத்துவிடுங்கள்.

அச்சுவேலி, பிளாஸ்டிக் ஆலை: ஒரு நாளைக்கு வட்ஸ்அப்பில் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வருகிறது. குரூப்பை மியூட் பண்ணிவிட்டேன்.

எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். 1994இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில், வெடிப்புக்கு முந்திய 11 நிமிடத்தில் ஆலையை இயக்கிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு 275 அலாரம் வந்தது. எதைப் பார்ப்பார்கள்? அதன் பின்னர் வந்த பிரித்தானிய வழிகாட்டி, ஒரு ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவையே தாங்கக்கூடியதாக வைக்கிறது. அது கட்டுப்பாட்டறையில் அதற்கென்றே இருப்பவருக்கு. ஆலையும் நடத்தி பாங்குக்கும் ஓடும் முதலாளிக்கு நாளைக்கு மூன்று நாலே கூட.

இன்றே ஒரு தாளில் எல்லா எச்சரிக்கையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு விடை போடுங்கள்: யார் போவது, போய் என்ன செய்வது. விடை இல்லாததை எச்சரிக்கையில் இருந்து தூக்கி, பின்னேர அறிக்கையில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். மிஞ்சியவற்றை குரூப்புக்கு அனுப்பாதீர்கள். குரூப்பில் இருபது பேர் பார்த்தால் இருபது பேரும் மற்றவர் போவார் என்று இருப்பார்கள். ஒரு ஆளுக்கு, அவர் ஐந்து நிமிடத்தில் ‘கண்டேன்’ என்று அழுத்தாவிட்டால் அடுத்தவருக்கு. இந்த ஒழுங்கு இல்லாமல் விலை கூடிய சிஸ்டம் வாங்கியும் பிரயோசனமில்லை.

சாவகச்சேரி, அரிசி ஆலை: கரண்ட் போனால் ரவுட்டரும் போகிறது. அப்போது எச்சரிக்கை எப்படி வரும்?

வராது. அதனால்தான் வராமல் போவதையே எச்சரிக்கையாக்க வேண்டும். சென்சர் தரவை அனுப்பும் கருவி நிமிடத்துக்கொரு தடவை வெளியில் உள்ள சேர்வருக்கு ‘இருக்கிறேன்’ என்று சொல்லட்டும், மூன்று தடவை சத்தமில்லையென்றால் சேர்வர் உங்களுக்கு அடிக்கட்டும். எம்.கியூ.டி.டி. என்ற செய்தி முறையில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கவனிக்க உருவானது, இணைப்பு அறுவதை எதிர்பார்த்தே செய்தது. கருவிக்கும் ரவுட்டருக்கும் சின்ன யூ.பி.எஸ். போடுங்கள். இணைப்பு இல்லாத நேரத் தரவைக் கருவி தன்னிடமே சேமிக்கிறதா என்றும் வாங்கும்போது கேளுங்கள்.

திருநெல்வேலி, நெல்லி ரசம் போத்தல் அடைக்கும் ஆலை: ஓ.ஈ.ஈ., அதாவது மெஷினை எவ்வளவு முழுமையாகப் பாவிக்கிறோம் என்ற கணக்கு, 85 வீதம் வர வேண்டும் என்கிறார் ஆலோசகர். நாங்கள் எங்கே நிற்கிறோம்?

கணக்கு லேசு. 480 நிமிட ஷிப்டில் லைன் 60 நிமிடம் நின்றால் ஓடியது 87.5 வீதம். ஓடிய நேரத்திலும் வேகம் 80 வீதம்தான், நல்ல போத்தல் 98 வீதம் என்றால், மூன்றையும் பெருக்க 68.6 வரும். 85 பெரிய ஆலைகளுக்குச் சொல்லிப் பழகிய இலக்கு. நீங்கள் நெல்லி முடிந்து திராட்சைக்கு மாறும்போது லைனைக் கழுவியே ஆக வேண்டும். இலக்கை விடுங்கள், அந்த 60 நிமிடம் எதில் போனது என்று பாருங்கள். மூடி தீர்ந்ததால் 25 நிமிடம் நின்றிருந்தால் அதற்கு சென்சர் தேவையில்லை, ஸ்டோர்க்காரருடன் கதைத்தால் போதும்.

மயிலிட்டி, மீன் பதனிடும் ஆலை: இந்தக் கருவிகளை உள்ளே வைக்க எந்தப் பெட்டி வாங்குவது? கடற்கரையில் எல்லாம் துருப்பிடிக்கிறது.

ஐ.பி.65 குறியிட்ட, அதாவது தூசியும் பீச்சும் தண்ணீரும் உள்ளே போகாத பிளாஸ்டிக் பெட்டி, இரும்பு வேண்டாம். வயர் நுழையும் துளைக்கு வயரை இறுக்கி அடைக்கும் றப்பர் கிளாண்ட், பெட்டியின் அடிப்பக்கத்தால் மட்டும். மேலால் வயர் விட்டால் உப்புத் தண்ணீர் அதன் வழியே வடிந்து உள்ளே போகும்.