அமைதியான பிள்ளைக்கும் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) வருமா?

டாக்டர், என் மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. "பாடம் நடத்தும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏடிஹெச்டியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்" என்கிறார் வகுப்பு மிஸ். வீட்டிலோ அவள் இருக்கிற இடமே தெரியாது. ஆனால் வாட்டர் பாட்டில், பென்சில் என்று தினம் ஒன்றைத் தொலைத்துவிட்டு வருகிறாள். மாமியார், "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு ஆஸ்பத்திரி" என்கிறார். மூளையை ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?
– ஒரு வாசகி, கரூர்

முதலில், ஸ்கேனுக்குப் பணம் கட்டாதீர்கள். ஏடிஹெச்டியைக் கண்டுபிடிக்கிற ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றுவரை கிடையாது. உங்களிடமும் பிள்ளையிடமும் பொறுமையாகக் கேட்டு, மிஸ்ஸிடமும் விசாரித்துத்தான் முடிவுக்கு வர முடியும். ஐந்தே நிமிடத்தில் 'ஏடிஹெச்டிதான்' என்று யாராவது சீட்டு எழுதிக் கொடுத்தால் இன்னொருவரையும் பாருங்கள்.

ஏடிஹெச்டி என்றாலே பெஞ்ச் மேல் ஏறிக் குதிக்கிற பையன்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறான். ஓடாமல் ஆடாமல், கவனம் மட்டும் நழுவிக்கொண்டே இருக்கிற வகையும் உண்டு. பெண் பிள்ளைகளிடம் நாங்களே கோட்டைவிடுவது பெரும்பாலும் இதைத்தான், யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளையைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்? (உங்கள் மிஸ் சொல்லியிருக்கிறார், நல்ல மிஸ்.) ஆனால் பாட்டில் தொலைந்தது மட்டும் போதாது. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கிற கையேடு) கணக்குப்படி, கவனக்குறைவுக்குச் சொல்லப்பட்ட 9 அறிகுறிகளில் 6 அறிகுறிகளாவது ஆறு மாதமாகத் தொடர வேண்டும், 12 வயதுக்கு முன்பே சில தலைகாட்டியிருக்க வேண்டும், பள்ளி, வீடு என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், அதனால் அன்றாடக் காரியம் கெடவும் வேண்டும். பள்ளியில் மட்டும்தான் என்றால் எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போகும்: கரும்பலகை சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா, எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறாளா, வகுப்பில் யாருக்காவது பயப்படுகிறாளா. ராத்திரி குறட்டை விட்டுத் தூங்குகிற பிள்ளையும் பகலில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது 'எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்' என்பதுதான். அது எப்படி என்று கவனியுங்கள். வெறும் பகல் கனவு என்றால் பெயர் சொல்லித் தோளைத் தொட்டதும் திரும்பிவிடுவாள். அப்படியில்லாமல், பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நின்று, பத்து நொடி போல வெறித்துப் பார்த்து, தொட்டாலும் அசையாமல், இமை மட்டும் துடித்து, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட வேலையைத் தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கை கால் வெட்டாது, கீழே விழமாட்டாள், அதனால்தான் 'மந்தம்' என்று திட்டு வாங்கியே வருடங்கள் ஓடிவிடும். கிளினிக்கில் இதற்கு ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் ஊதச் சொல்வோம். ஊதிக்கொண்டே இருக்கிற பிள்ளை திடீரென்று நின்றுவிடும், காற்றாடியும் நிற்கும், கண் எங்கேயோ இருக்கும். அப்புறம் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற சோதனை) எடுத்தால் உறுதியாகிவிடும். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. வீட்டில் ஊதச் சொல்லிச் சோதிக்க வேண்டாம், அப்படி நிற்பதை செல்போனில் வீடியோ எடுத்து வந்தாலே போதும். கூடவே பழைய நோட்டுகளையும், மிஸ் கவனித்ததை ஒரு பக்கம் எழுதி வாங்கியும் கொண்டு வாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளையின் சின்ன வயசுக் கதை அவருக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும்.

தங்கை மகனுக்கு 2 வயது, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பனும் அப்படித்தான்" என்கிறார்கள். 3 வயது வரை பார்க்கலாமா?
– ஒரு வாசகர், தேனி

வேண்டாம். பேச்சை விடுங்கள், வானத்தில் ஏரோபிளேன் போனால் விரல் நீட்டிக் காட்டிவிட்டு, அம்மாவும் பார்க்கிறாளா என்று திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறானா? பெயர் சொன்னால் திரும்புகிறானா? இரண்டும் இல்லையென்றால் ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கிற வளர்ச்சிக் கோளாறு) இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டும் இருந்தாலும் காது பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்கிற இடம்) எங்கே என்று கேளுங்கள், காசு வாங்கமாட்டார்கள். நோய்க்குப் பெயர் வைக்கிற வரை காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறந்த எடை, பிறந்தவுடன் அழுதானா என்றெல்லாம் கேட்பார்கள்.