லிஸ்பனில் ஏப்ரல் 25: எங்கே நடப்பது?

கேள்வி: அலுவலக வேலையாக லிஸ்பன் போகிறேன். ஏப்ரல் 25 விடுமுறையாம். 1974-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த ஒரு நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: நல்ல நாளில் போகிறீர்கள். ஆப்பிரிக்கக் காலனிகளில் 13 ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த போரில் சலித்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள், போர்ச்சுகலின் 48 ஆண்டு சர்வாதிகாரத்தை அன்று ஒரே நாளில் வீழ்த்தினார்கள். நள்ளிரவு தாண்டி 12.20-க்கு ரேடியோவில் ஒலித்த ஒரு பாட்டுதான் அவர்களுக்குச் சைகை.

காலையில் ஆற்றங்கரையில் உள்ள தெரெய்ரு து பாசு சதுக்கத்தில் தொடங்குங்கள். சந்தரேம் ஊரிலிருந்து கவச வண்டிகளோடு விடியலில் இங்கே வந்து நின்றவர் கேப்டன் சல்கெய்ரு மாயா. வயது 29. அவரை எதிர்க்க அரசு டாங்கிகளை அனுப்பியது. சுடச் சொல்லி உத்தரவு வந்தும் வீரர்கள் சுடவில்லை. எனக்கு அந்த நாளின் உச்சமே அதுதான்.

அங்கிருந்து மேடேறி கார்மு சதுக்கம் போங்கள். பிரதமர் மார்செலு கயெத்தானு அங்குள்ள காவல்படை முகாமில்தான் ஒளிந்திருந்தார். வெளியே மரங்களில்கூட ஜனங்கள் ஏறி நின்றார்கள். அதிகாரம் தெருவில் விழுந்துவிடக் கூடாது, அதாவது கூட்டத்தின் கைக்குப் போய்விடக் கூடாது என்று சொல்லி, போரை விமர்சித்த ஜெனரல் ஸ்பீனொலாவை வரவழைத்து மாலையில் அவரிடம் கயெத்தானு சரணடைந்தார். துப்பாக்கிக் குழாயில் சிவப்பு கார்னேஷன் செருகிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டல் ஊழியர் செலெஸ்த் கையெய்ரு, சிகரெட் கேட்ட வீரரிடம் சிகரெட் இல்லாமல் கையிலிருந்த பூவைக் கொடுத்தார். அது அப்படியே பரவியது.

பூவோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே அந்தோனியு மரியா கார்தோசு தெரு இருக்கிறது. ரகசியப் போலீஸ் தலைமையகத்துக்குள்ளிருந்து கூட்டத்தின் மீது சுட்டதில் 4 பேர் அங்கே செத்தார்கள். இப்போது அந்தக் கட்டடம் சொகுசுக் குடியிருப்பு. சுவரில் ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. அவசியம் ஒரு நிமிடம் நில்லுங்கள். பழைய அரசியல் கைதிகளின் சிறையான அல்ஜூபெ இன்று அருங்காட்சியகம். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள்.

நமக்கும் அந்த ஆண்டில் ஒரு பங்கு உண்டு. 1961-இலேயே கோவா இந்தியாவோடு சேர்ந்துவிட்டாலும், போர்ச்சுகல் அதை ஏற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1974 டிசம்பர் 31 அன்றுதான்.

அப்புறம், பிற்பகலில் அவெனிதா தா லிபெர்தாதெ சாலையில் ஊர்வலம் போகும். வழியில் ஒரு பூ வாங்கிக்கொண்டு நீங்களும் நடக்கலாம். ஏற்ற இறக்கமான கல் பாவிய தெருக்கள், மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.