சுழிச்சு சுழிச்சு எழுதற ஃபாண்ட் தமிழ்ல வருமா?

கேள்வி: அண்ணா, வீட்ல மாங்கா தொக்கு போட்டு பாட்டில்ல விக்கறேன். பொண்ணு கம்ப்யூட்டர்ல கர்ல்ஸ் எம்டின்னு ஒரு எழுத்துல இங்கிலீஷ் லேபிள் பண்ணா, சூப்பரா இருக்கு. "அண்ணி கைமணம் மாங்கா தொக்கு"ன்னு தமிழ்லயும் அதே மாதிரி வேணும்னா ஜெராக்ஸ் கடை தம்பி வராதுங்கறாரு. ஏன்?
– வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: தம்பி சொன்னது சரிதாம்மா. அந்த கர்ல்ஸ் எம்டி ஃபாண்ட் 1995ல மோனோடைப்ங்கற ஃபாண்ட் கம்பெனிக்காக கார்ல் கிராஸ்குரோவ், ஸ்டீவ் மேட்டசன்னு ரெண்டு பேர் வரைஞ்சது, பூசணிக்கொடி நுனி மாதிரி ஒவ்வொரு எழுத்தோட முனையும் சுருண்டுக்கும், ஆனா அதுக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது. யூனிகோட்ல, அதாவது இப்ப போன்லயும் நெட்லயும் வர்ற பொதுவான முறையில, தமிழ் அடிச்சுட்டு கர்ல்ஸை செலக்ட் பண்ணா வேர்டு சத்தமில்லாம நிர்மலா யூஐ, லதான்னு ஏதாவது ஒரு சாதா தமிழ் ஃபாண்டை எடுத்து போட்டுக்கும், அதான் மாறவே மாட்டேங்குது. இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழை வரைஞ்சு வெச்ச பாமினிங்கற பழைய ஃபாண்ட்ல அடிச்சதை மாத்தினீங்கன்னா இன்னும் கூத்து, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டும்.

சரி, நாமளே சுழிச்சுக்கலாமேன்னா அங்கதான் வம்பு. இங்கிலீஷுக்கு சுழி வெறும் நகை, கழட்டினாலும் எழுத்து அதேதான். நமக்கு சுழிதான் எழுத்தே. உங்க லேபிளையே பாருங்க, மூணு சுழி ண-வுல ஒரு சுழி மை அப்பி அடைஞ்சா கைமணம் கைமனம் ஆயிடும், தொக்குல கொம்புக்கு அழகா இருக்கட்டும்னு மேல ஒரு சுழி சேத்தா தோக்கு! தோக்குன்னா என்னன்னு சந்தையில யாருக்கு தெரியும்.

அதனால சுழியை கால்லயும் வாலுலயும் மட்டும் விடுங்க, மாங்காவுல ரெண்டு கால் இருக்கே, க-வோட வாலும் இருக்கு, அது போதும். நாலு வார்த்தைதானே, ஸ்கெட்ச் பேனாவுல பொண்ணையே எழுத சொல்லி போட்டோ எடுத்து இங்க்ஸ்கேப்ல ட்ரேஸ் பண்ணிக்கலாம், அந்த சாஃப்ட்வேர் இலவசம். வரைய பொறுமை இல்லைன்னா கூகுள் ஃபாண்ட்ஸ்ல கவிவனார் இருக்கு, சாஞ்ச கையெழுத்து மாதிரி, கொழுக்மொழுக்னு வேணும்னா பலூ தம்பி 2. ரெண்டுக்கும் காசு கெடையாது. ஆனா தயாரிச்ச தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவு லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம், இதெல்லாம் சாதா எழுத்துலயே போடுங்க, கர்ல்ஸ்ல கோடு ரொம்ப மெலிசு, சின்ன சைஸ்ல ஸ்டிக்கர்ல பாதி காணாம போயிடும்.

கேள்வி: பையன் காதுகுத்து பத்திரிகையில இங்கிலீஷ் பக்கம் முழுக்க இந்த மாதிரி எழுத்துலயே அடிக்கலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: பையன் பேருக்கு போடுங்க, நல்லா பெருசா. மண்டபம், தேதி, நேரத்துக்கு வேணாம். தர்மபுரியில பிரஸ் வெச்சிருந்தப்ப நான் ஒரு தடவ முழுசா அப்படியே, அதுவும் எல்லாம் கேபிடல் லெட்டர்ல அடிச்சு குடுத்தேன், பாட்டி ஒருத்தர் கண்ணாடிய கழட்டி தொடைச்சு தொடைச்சு பாத்துட்டு "கோலம் நல்லா இருக்கு, விசேஷம் எங்க சாமி?"ன்னு கேட்டாங்க. திருப்பி அடிச்ச பேப்பர் காசு என் கைக்காசு.