கொதிக்க வைக்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

கீரை இலையின் பிளாஸ்மா சவ்விலிருந்து (செல்லின் வெளிச்சவ்வு) புரோட்டான் ஏடிபேஸ் என்ற, புரோட்டான்களை வெளியே தள்ளும் புரதத்தைப் பிரித்தும், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் 100 கிலோடால்டன் அருகே பட்டை வரவில்லை, மாதிரி ஊற்றும் கிணற்றிலேயே கறையாக நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மாதிரியை 95 டிகிரியில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்ததாகவும் சொல்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். சவ்வைப் பல தடவை ஊடுருவி நிற்கும் புரதங்கள் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும், ஜெல்லுக்குள் நுழையாது. அதே மாதிரியை 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஓட்டுங்கள். பெரும்பாலும் பட்டை இறங்கிவிடும்.

அப்படியும் இறங்கவில்லை என்றால் புரதத்தைச் சவ்விலிருந்து கரைத்தெடுக்கும் டிடர்ஜென்ட்டான டோடெசைல் மால்டோசைடைக் கவனியுங்கள். அதன் மைசெல் வரம்பு, அதாவது அதன் மூலக்கூறுகள் சிறு திரள்களாகச் சேரத் தொடங்கும் அளவு, சுமார் 0.009 சதவீதம். கரைக்கும்போது 1 சதவீதம் போட்டுவிட்டு, கழுவும் பஃபர் கரைசலில் சேர்க்க மறந்தால் அளவு அந்த வரம்புக்குக் கீழே போய்ப் புரதம் படிந்துவிடும். கடைசிப் பஃபர் வரை 0.02 சதவீதமாவது இருக்கட்டும். உண்மையிலேயே கரைந்ததா என்று பார்க்க 1,00,000 ஜி விசையில் ஒரு மணி நேரம் சுழற்றுங்கள். மேல்திரவத்தில் நிற்பதுதான் கரைந்தது.

அப்புறம், இலையை அரைக்கும்போதே, ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி பொடியைச் சேருங்கள். சாறு பழுப்பாகிவிட்டால் ஃபீனால்கள் புரதத்தைப் பிடித்துக்கொண்டன என்று பொருள், பிறகு மீட்பது கஷ்டம். செயல்திறனை, இந்த ஏடிபேஸைத் தடுக்கும் வனடேட் போட்டும் போடாமலும் அளந்து பாருங்கள். வனடேட்டுக்கு அடங்காத பங்கு உங்கள் புரதத்துடையது அல்ல.