வீட்டில் யாரும் சாலட்டைத் தொடுவதில்லை, என்ன செய்வது?

"தினமும் சாலட் செய்து மேசையில் வைக்கிறேன், ஒருவரும் தொடுவதில்லை, மிச்சத்தை நானே சாப்பிடுகிறேன், இல்லையென்றால் குப்பைக்குப் போகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் சர்க்கரையோ கொழுப்போ கூடிய ஒருவர் இருப்பார், யாரோ ஒரு உணவுப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள், அதை நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது.

நாங்கள் பாளையங்கோட்டை. மாமா, அத்தை, நான், என் கணவர், மகன் என்று ஐந்து பேர். மாமாவுக்குச் சர்க்கரை கூடியபோது மருத்துவமனையில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ப்ரோக்கோலி, லெட்டூஸ், சிவப்புக் குடைமிளகாய், ஆலிவ் எண்ணெய். மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நிதானமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுல ஒண்ணாவது நம்ம சந்தையில கெடைக்குமாம்மா?" என்றார். அத்தை அதற்கு மேல். "ஏ பிள்ள, பச்சக்காயத் திங்க நாங்க என்ன மாடா?"

நான் பட்டியலை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அத்தையிடம் கேட்டேன். "ராமநவமிக்குப் பெருமாள் கோயில்ல வடைப்பருப்பு குடுப்பாங்கல்ல அத்தை, அதுல என்னல்லாம் இருக்கும்?"

"பாசிப்பருப்பு, மாங்கா, தேங்கா, பச்சமொளகா."

"அது பச்சயாத்தானே இருக்கு?"

"அது பிரசாதம்லா!"

பிரசாதம்தான். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலுக்கு ஊறவைத்த பருப்பும் மாங்காயும் பானகமும் நீர்மோரும் உடம்புக்கு எவ்வளவு இதம் என்று தெரிந்துதான் அந்த நாளில் அதைக் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். மறுநாள் அதையே வீட்டில் செய்தேன். கால் கப் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, இரண்டு வெள்ளரிப்பிஞ்சு, பாதி கிளிமூக்கு மாங்காய் இரண்டையும் பொடியாக நறுக்கிச் சேர்த்து, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஒரு பச்சைமிளகாய், கொத்தமல்லி. மேலே தேங்காயெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் தீர்ந்தது. மாங்காய் இருந்தால் எலுமிச்சை வேண்டாம். உப்பை மட்டும் பரிமாறும்போதுதான் போட வேண்டும். உப்புப் பட்டதும் வெள்ளரி தண்ணீர் விடும். கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கி, காயெல்லாம் துவண்டு போயிருக்கும். உங்கள் வீட்டில் தொடாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காலையிலேயே உப்புப் போட்டுக் கலந்து வைத்துவிட்டு மத்தியானம் எடுத்தால் எனக்கே சாப்பிடப் பிடிக்காது.

அத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

ஆனால் வீட்டில் எல்லோரையும் சாப்பிட வைத்தது ருசி மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழங்கு வகைகள் அந்தக் கணக்கில் வராது. எங்கள் ஐந்து பேருக்கு அது 2 கிலோ. இதை மருத்துவர் சொல்வார், பத்திரிகையில் எழுதுவார்கள். அந்த 2 கிலோவைச் சந்தையிலிருந்து தூக்கி வருவது யார், மண் போக அலசுவது யார், நார் எடுத்து நறுக்குவது யார் என்று ஒருவரும் எழுதுவதில்லை. அது பேசாமலே மருமகளுக்கு வந்து சேரும். நான் காலை ஒன்பதேகாலுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவள். அதனால் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. நறுக்கு பலகையையும் கத்தியையும் மாமா பேப்பர் படிக்கிற திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "மாமா, வெள்ளரி மட்டும் நறுக்கித் தந்திருங்க" என்றேன்.

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "அவங்களப் போயி காய் நறுக்கச் சொல்லுதியே" என்றார். மாமாதான், "ஏன், எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டார். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கும்படி அவர் நறுக்குகிற நேர்த்தி எனக்கு வராது. தான் நறுக்கியதை மீதி வைக்க அவருக்கு மனசு வருவதில்லை. சோறு போடுவதற்கு முன்பே கிண்ணத்தை எடுத்துக்கொள்வார். முதலில் காய், பிறகு சோறு என்று சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைவாக இருக்கும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. எங்கள் வீட்டில் ஆய்வைப் படித்து அதைச் செய்யவில்லை, அவர் பொறுமையில்லாமல் செய்தார்.

வாழைத்தண்டு மகனுக்கு. வட்டமாக வெட்டி நாரை விரலில் சுற்றிச் சுற்றி இழுப்பது அவனுக்கு விளையாட்டு. நறுக்கியதை உடனே மோரில் போட்டுவிடுவான், இல்லையென்றால் கறுத்துவிடும் என்று அவனே எனக்குச் சொல்வான். பிறகு அதைத் தயிர்ப்பச்சடியாகச் செய்தால், பொரியலாக வைத்தபோது ஓடினவன் தட்டை வழித்துச் சாப்பிடுகிறான். என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மகாராஜநகர் உழவர் சந்தை. விலைப்பலகையைப் பார்த்து அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கி வருவார். மலிவாக, நிறைய, எல்லாத் தட்டிலும் கிடக்கிற காய்தான் அந்த மாதத்தின் காய். என்ன சமைப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் பையிலேயே வந்துவிடும்.

வெயில் காலத்துக்கு வெள்ளரியும் மாங்காயும் நுங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் பச்சைக்காயைக் குறைத்துவிடுவேன். கீரையிலும் கொத்தமல்லியிலும் சேறு ஒட்டியிருக்கும், எத்தனை முறை அலசினாலும் மனசு ஒப்பாது. அப்போது கேரட்டையும் பீன்ஸையும் அரை வேக்காட்டில் ஆவியில் வைத்து, மிளகுப்பொடியும் எலுமிச்சையும் சேர்த்துச் சூடாகவே கொடுப்பேன். முளைகட்டிய பயறையும் ஆவியில் காட்டிவிடுவேன். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடாமல் இருப்பது நல்லது, அந்த ஈரத்தில் கிருமி சீக்கிரம் பெருகும்.

தை மாதம்தான் எங்களுக்கு உண்மையான திருவிழா. சிறுகிழங்கு, பனங்கிழங்கு, பச்சை மொச்சை, நெல்லிக்காய் எல்லாம் ஒன்றாக வரும். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டு அடித்து, தேய்த்துத் தோல் எடுக்கிற வேலைக்கு வீட்டில் எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். அது மாவுச்சத்து, அதனால் அன்றைக்கு மாமாவுக்குச் சோறு பாதிதான். மொச்சையைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, சின்ன வெங்காயம், தேங்காய்த் துருவல், எலுமிச்சை, கொஞ்சம் மாதுளை முத்து சேர்த்துப் பாருங்கள். நெல்லிக்காயைத் தேங்காய், பச்சைமிளகாயோடு அரைத்துத் தயிரில் கலந்தால் ஒரு பச்சடி. அதைத் தொட்டுக்கொண்டே அத்தை ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்துவிடுவார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். மகன் பள்ளியில் ஆரோக்கிய தினம் என்று சாலட் அலங்காரப் போட்டி வைத்தார்கள். முள்ளங்கியில் அன்னம், கேரட்டில் மயில், தர்பூசணியில் கூடை. அதைச் செய்தது பிள்ளைகள் இல்லை, ராத்திரி பதினொரு மணி வரை விழித்திருந்த அம்மாக்கள். பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். காய் சாப்பிடச் சொல்லித்தர வேண்டிய இடத்தில், காயை வேடிக்கைப் பொருளாக்கித் தூக்கிப் போடச் சொல்லித்தந்தார்கள். ஒரு பிள்ளைகூட ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. "ஒவ்வொருவரும் ஒரு வெள்ளரி கொண்டு வரட்டும், வகுப்பிலேயே நறுக்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடட்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். கத்தி ஆபத்து என்று பதில் வந்தது. மயில் செதுக்கிய கத்தி ஆபத்தில்லையா? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

சிலர் கேட்பார்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். ப்ரோக்கோலி கெட்டது என்று நான் சொல்லவில்லை. கிடைத்தால், கட்டுப்படியானால், பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். இதனால் மாமாவுக்குச் சர்க்கரை குணமானது என்றும் சொல்லவில்லை. அவர் மாத்திரையை விடவில்லை, மாலை நடையையும் விடவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில காய்களின் பொட்டாசியம் ஆகாது, அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தாளிப்பு எண்ணெய் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஒரு தேக்கரண்டி கொழுப்பு இருந்தால்தான் கேரட்டில் உள்ள சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கூட்டுக்குடும்பம் என்பதால் உங்களுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. ஆள் இருப்பதும் ஆள் வேலை செய்வதும் ஒன்றில்லை, அதை நான் கேட்டு வாங்கினேன். இரண்டே பேர் இருக்கும் வீட்டிலும் இன்னொருவருக்கு இரண்டு கை இருக்கும்.

அதனால் நாளைக்கு நீங்கள் சாலட் செய்யாதீர்கள். வெள்ளரியைக் கழுவி, பலகையோடு கொண்டுபோய், அதிகமாக முகம் சுளிக்கிறவர் முன்னால் வையுங்கள். பருப்பை ஊறவைப்பதும் தாளிப்பதும் மட்டும் உங்கள் வேலை. துண்டு பெரிதாக இருக்கிறது, கோணலாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். பல் இல்லாத பெரியவர் இருந்தால் நறுக்காமல் துருவித் தயிரில் போடுங்கள். எந்த ஊர், இப்போது உங்கள் சந்தையில் எது குவிந்து கிடக்கிறது என்று எழுதினால், அதை வைத்து என்ன செய்யலாம் என்று அத்தையிடமும் கேட்டுச் சொல்கிறேன்.