தாத்தாவின் பழைய பென்ஸ் லாரி துருப்பிடித்து நிற்கிறது. சரிசெய்வதா, எடைக்குப் போடுவதா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: 1960-களில் தாத்தா வாங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ், முன்பக்கம் மூக்கு நீண்ட லாரி. பல வருடமாகத் தோட்டத்தில் நிற்கிறது. கேபின் பாதி உதிர்ந்துவிட்டது, எஞ்சின் சுற்றவில்லை. பார்ப்பவர்கள் எல்லோரும் எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.

அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். டாடாவின் டெல்கோ கம்பெனியும் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸும் 1954-ல் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் செய்த வரிசையில் வந்த வண்டி அது. 1969-ல் அந்தக் கூட்டு முடிந்ததும் முகப்பிலிருந்த பென்ஸ் நட்சத்திரச் சின்னம் போய் டாடா சின்னம் வந்தது. நட்சத்திரத்தோடு இருக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை எப்போதோ உருக்கப்பட்டுவிட்டன. அதனால் என் மனம் காப்பாற்றும் பக்கம்தான் சாயும். ஆனால் மனம் சாய்ந்தால் போதாது, வண்டியும் இடம் கொடுக்க வேண்டும். அதைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், கேபின் உதிர்ந்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்தக் காலத்து லாரிகள் பெரும்பாலும் சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), பானெட், முன் மட்கார்டு அளவில்தான் கம்பெனியிலிருந்து வரும். கேபினும் பின்னால் பாரம் ஏற்றும் பெட்டியும் இங்கே மரத்திலும் தகரத்திலும் கட்டியவை. அன்று கட்டியதை இன்றும் கட்டலாம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் மர வேலை தெரிந்த மூத்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், பழைய புகைப்படம் ஒன்று இருந்தால் அவர்களுக்குப் போதும். கம்பெனி அச்சில் அடித்த பானெட், கிரில், ரேடியேட்டரைச் சுற்றிய தகடு, மட்கார்டு ஆகியவைதான் கடையில் கிடைக்காதவை. ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுப் போடலாம். அந்தப் பாகமே இல்லையென்றால் செலவும் அலைச்சலும் பல மடங்கு. ஆகவே கேபின் போய் முகப்பு முழுசாக இருக்கும் வண்டி, கேபின் இருந்து முகப்பு போன வண்டியைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது சேஸ். உண்மையில் தீர்ப்பு இங்கேதான். ஒரு சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். போவதற்கு முன் மரக்கட்டைகளால் நன்றாக முட்டுக் கொடுத்துவிடுங்கள், பல வருடம் நின்ற ஸ்பிரிங்கையும் ஜாக்கியையும் நம்பக் கூடாது. முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்த இடம் மொத்தென்று கேட்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். மேலே செதில் செதிலாக உரிந்தாலும் அடியில் கெட்டியாக இருந்தால் கவலை இல்லை.

இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் இடங்களைத்தான் விடாமல் பார்க்க வேண்டும். வலுவுக்காக சேஸுக்குள் கூடுதல் பட்டை வைத்த இடம், கிராஸ் மெம்பர் எனும் குறுக்குச் சட்டத்தை ரிவிட் அடித்த இடம், ஸ்பிரிங் பிராக்கெட். இடுக்கில் ஈரம் தங்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும், அந்த அழுத்தத்தில் தகடுகள் விரிந்து ரிவிட் தலையே தெறித்துவிடும். ஓரிரு இடம் என்றால் ரிவிட்டை எடுத்துச் சுத்தம் செய்து புதிதாக அடிக்கலாம். சேஸ் நெடுக அப்படி வீங்கியிருந்தால் ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

வண்டி என்ன பாரம் ஏற்றியது என்றும் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு இது மிக முக்கியம். நெல், மஞ்சள், பஞ்சு ஏற்றிய வண்டி ஒரு ரகம். தூத்துக்குடியிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ உப்பு ஏற்றியது, உரம் ஏற்றியது வேறு ரகம். உப்பு ஏறிய வண்டியில் பின்பாதி சேஸை இரண்டு முறை தட்டிப் பாருங்கள்.

எஞ்சின் இறுகியிருப்பது பெரிய விஷயமில்லை. 6 சிலிண்டர், 4.6 லிட்டர் டீசல் எஞ்சின் அது, முரட்டு ஜாதி. பேட்டரி கட்டி ஸ்டார்ட்டரில் சுற்ற மட்டும் முயலாதீர்கள். சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, எஞ்சினைச் சுற்றும் கம்பி போட்டுக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி நிம்மதி. அசையாவிட்டாலும் பிரித்து லைனர் (சிலிண்டரின் உள்உறை) மாற்ற லேத் பட்டறைகள் உண்டு. பம்ப், இன்ஜெக்டர் வேலைக்கும் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஆள் இருக்கிறார்கள். 9.00-20 டயர் இன்னும் விற்கிறது. எஞ்சினின் உடலான பிளாக்கில் வெடிப்பு இருந்தால் மட்டும் வேறு எஞ்சின் தேட வேண்டிவரும்.

அப்புறம் காகிதம். ஆர்.சி. புக் இருக்கிறதா, சேஸில் குத்திய நம்பர் படிக்கும்படி இருக்கிறதா, எஞ்சின் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வண்டி நின்ற காலத்தில் நிறுத்தி வைத்ததாக எழுதிக் கொடுக்காமல் விட்டிருந்தால் வரி பாக்கி சேர்ந்திருக்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அது கார்களையும் இரு சக்கர வண்டிகளையும் மனதில் வைத்து எழுதியது, அதை நம்பி லாரியில் பணம் போடாதீர்கள். ரோட்டில் ஓட்ட வேண்டும் என்றால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டி தேறுமா என்பதை முதல் ரூபாய் செலவழிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

விற்றால் போட்ட பணம் திரும்பும் என்று எண்ணி இறங்கவே கூடாது, திரும்பாது. தாத்தா ஓட்டிய வண்டி மறுபடி ஓட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அந்த ஆசை இருந்து, சேஸும் முகப்பும் நன்றாக இருந்தால் நான் தயங்காமல் செய்யச் சொல்வேன்.

சேஸ் போயிருந்தாலும் எடைக்கடை ஒன்றே வழி என்றில்லை. உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, கல் மேடை மேல் ஏற்றி, மேலே ஒரு கொட்டகை போட்டு அப்படியே நிறுத்தி வைக்கலாம். துருவை எடுக்க மெல்லிய தகடுகள் மேல் காற்றழுத்தத்தில் மணல் அடிக்க விடாதீர்கள், நெளிந்துவிடும். துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பதும் வேண்டாம், உள்ளே அரிப்பு தொடரும்.

இரண்டுக்கும் வசதி இல்லை, கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பானெட், கிரில், மட்கார்டு, டாஷ்போர்டு மீட்டர்களை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இதே வண்டியை மீட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்.