கீமோ கொடுக்கும் செவிலியர் வீட்டுக் கதையெல்லாம் கேட்பது எதற்கு?

கேள்வி: அம்மாவுக்குக் கீமோதெரபி தொடங்குகிறது. வார்டில் செவிலியர் வீடு எங்கே, என்ன வேலை, மாடு கன்று இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார். மருந்து எல்லோருக்கும் ஒன்றுதானே?

பதில்: நான் கோவையில் கீமோ வார்டில் செவிலியர். நானும் இவற்றையெல்லாம் கேட்பேன். மருந்தையும் அளவையும் மருத்துவர் எழுதிவிடுவார். அதை ஏற்றிக்கொண்டு வீட்டில் எப்படி இருப்பது என்பதை, அந்த வீட்டைப் பற்றித் தெரியாமல் சொல்ல முடியாது.

குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்ஸாலிப்ளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்கள் சுரீரென்று குத்தும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள் என்று வழக்கமாகச் சொல்லி அனுப்புவோம். பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா ஒருவரிடம் காலை வேலை என்னவென்று விசாரித்தேன். மார்கழிக் குளிரில், விடியும் முன்பே, பச்சைத் தண்ணீரில் மடி கழுவி எவர்சில்வர் வாளியில் பால் கறப்பாராம். ஃபிரிட்ஜைப் பற்றி மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அவருக்கு என்ன பயன்? கூட வந்திருந்த மருமகளை உட்காரவைத்து, அந்த நாட்களில் கறவை அவர் பொறுப்பு என்று பேசி முடித்தோம். சாணம் அள்ளுவதும் சிகிச்சை முடியும்வரை வேண்டாம் என்றேன், தொற்றுக்குப் பயந்து.

பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து விரல் நுனிகளை மரக்கச் செய்யும். திருப்பூர் பனியன் கம்பெனியில் தைப்பவர் என்றால், பொத்தான் போட வருகிறதா, ஊசி குத்தினால் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம், முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அளவை மாற்றிப் பார்ப்பார்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். பெரும்பாலான மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள், தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறையும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலே அவசரம். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. தாளவாடியில் இருந்து வருபவர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியாக வேண்டும். நடுராத்திரியில் யார் வண்டி எடுப்பார், முதலில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வேன்.

செவிலியர் கேட்கும்போது அம்மாவே பதில் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். மலச்சிக்கல், வாய்ப்புண், உடம்பின் மற்ற அவஸ்தைகளைப் பிள்ளைகள் எதிரில் சொல்லக் கூசுவார்கள். கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். கிளம்பும் முன் இரவில் அழைக்க வேண்டிய எண்ணை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் இன்றே ஒன்று வாங்கிவிடுங்கள்.